மேலிருந்து மூன்றாவது வரி

அறிவிப்பு என்றால் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது என் வழக்கம். அதைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. நம் கம்பளி மென்பொருளின் ஒன்பது வெளியீடுகளுக்கும் அறிவிப்பு எழுதியவன் நான்தான். ஒன்றுகூடப் பக்கம் தாண்டியதில்லை.

பத்தாவதை நீங்கள் எழுதப்போகிறீர்கள், ரேஷ்மா. மாதிரிக்காகப் பழையவற்றைத் தேடியபோது எட்டாவது அறிவிப்புக்கு மட்டும் இரண்டு பிரதிகள் கிடைத்ததாக எழுதியிருந்தீர்கள். நம் தளத்தில் இருப்பதில் மேலிருந்து மூன்றாவது வரி ஓர் எச்சரிக்கை. கோயமுத்தூரில் ஒரு கல்லூரி வெளியீட்டு நாளன்றே எடுத்துவைத்த பிரதியில் அந்த வரி இல்லை. இரண்டில் எது சரி என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் கூடலூரிலிருந்து எங்களோடு சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பிறர் ஓரங்கட்டிய பழைய கணினிகளிலும் ஓடுகிற ஓர் இயங்குதளம் வேண்டும், அதை யாரும் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பகிரலாம் என்றுதான் தொடங்கினேன். அப்போது அருவங்காட்டில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மழையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளியை ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்த பெயர். நானும் ஊருக்கு ஒருவராக ஏழெட்டுத் தன்னார்வலர்களும். அவ்வளவுதான் எங்கள் படை.

கம்பளியை உண்மையில் பயன்படுத்தியவர்களில் வேணியைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. கட்டபெட்டுக்கு அப்பால் தும்பிமட்டம் எஸ்டேட்டில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் காப்பகத்தை அப்படித்தான் சொல்வார்கள். அவர் கணவர் சபாபதி தேயிலை பேக்டரியில் எலக்ட்ரீசியன். லைன் வீடுகளுக்கு மேலே இருந்த சரிவு மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்து இருவரும் ஒரு வேலை செய்தார்கள். சரிவில் ஒரு மழைமானியை நட்டு, அங்கிருந்து கம்பி இழுத்து, பிள்ளைக்காம்பராவில் இருந்த பழைய கணினியோடு இணைத்தார்கள். மழை அளவு மீறினால், கணினியின் பின்னணியில் ஓடும் ஒரு நிரல், பேக்டரியில் கழற்றிப்போட்ட பழைய சங்கைத் தானாக ஊதவைக்கும். ஊதினால் எல்லோரும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட வேண்டும். இரண்டு மழைக்காலம் அது சரியாக ஊதியது. இரண்டாவது தடவை மண் சரிந்து வந்து காலியான கோழிக்கூண்டு ஒன்றைத்தான் மூடியது. சபாபதி அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். அந்தப் படத்தைத்தான் தேர்வுக் குழுவுக்கான விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் காட்டினேன்.

தேர்வுக் குழு என்பது, மாவட்டத்துப் பள்ளிகளுக்கு எந்த இயங்குதளம் என்று முடிவுசெய்ய உட்கார்ந்த ஐந்து பேர். ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை கூடுவதாக இருந்தது. எட்டாவது வெளியீட்டை அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டேன். அவர்கள் மென்பொருளை ஓட்டிப் பார்க்கப் போவதில்லை, அறிவிப்பைத்தான் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை என் வீட்டில் கரண்ட் போய் வந்தது. சோதனைக்கு வைத்திருந்த பழைய கணினி தானாக எழுந்தது. திரை சரியாக வந்தது. ‘எல்லாம் நலம்’ என்ற பச்சை எழுத்தும் வந்தது. ஆனால் பின்னணியில் ஓட வேண்டிய நிரல்கள் எழவில்லை. ஏழாவது வெளியீட்டில் இந்தக் கோளாறு இல்லை. திருத்தப் பத்து நாள் ஆகும் என்று கணக்கிட்டேன். கையால் ஒருமுறை தொடங்கிவிட்டால் பிறகு ஒழுங்காக ஓடியது. அதனால் அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: ‘எச்சரிக்கை: மின்சாரம் நின்று திரும்பினால், சில பழைய கணினிகளில் பின்னணி நிரல்கள் தாமாகத் தொடங்கா, ஒவ்வொரு முறையும் கையால் தொடங்கிவிடவும்.’ மேலிருந்து மூன்றாவது வரி.

வெள்ளிக்கிழமை காலை வெளியிடுவதற்கு முன் அந்த ஐந்து பேரின் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். நீலகிரியில் கரண்ட் போகாத நாள் ஏது? கரண்ட் போனால் நின்றுபோகிற ஒன்றை எந்தக் குழு எடுக்கும்? அந்த வரியை எடுத்துவிட்டேன். பத்து நாளில் திருத்தம் வந்துவிடும், பிறகு அந்த வரிக்கே வேலை இல்லை என்று நினைத்தேன். எடுத்தபின் அறிவிப்பு படிக்க இன்னும் நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை கம்பளியைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று எத்தனை பள்ளிகளில் அது ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைத்ததை நான் ஒருபோதும் சிறிய விஷயமாக நினைத்ததில்லை.

திருத்தம் பாதிக்குமேல் முடிந்திருந்தது. பாராட்டுக் கூட்டங்களில் சில நாட்கள் போயின. வெளியீட்டுக்குப் பின் பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வியாழன் முதல் மழை விடவில்லை. தும்பிமட்டத்தில் பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போய் அரைமணியில் வந்ததாகப் பின்னால் விசாரணை அறிக்கையில் எழுதியிருந்தார்கள். நாலேகாலுக்குச் சரிவு இறங்கியது. சங்கு ஊதவில்லை. ஞாயிறு என்பதால், பேக்டரி ஷிப்டுக்குப் போன சபாபதியைப் போலச் சிலரைத் தவிர எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

பதினோரு பேர். வேணியும் அதில் ஒருவர்.

நடந்ததை மருதாம்பாள்தான் விசாரணையில் சொன்னார். மூன்றாம் லைனில் பிழைத்தவர் அவர் ஒருவர்தான். மூன்றரை மணிக்கே லைன்காரர்கள் சிலர் பயந்துபோய் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்களாம். போகலாமா வேண்டாமா என்று வேணியைக் கேட்டிருக்கிறார்கள். வேணி குடையை எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தாராம்.

“மெசின் நல்லாத்தான் இருக்குதுங்க. பச்சை எழுத்து வந்திருக்குது. அளவு தாண்டுனா ஊதும், அப்பப் போயிக்கலாம். கொழந்தைகளை ஏன் மழையில நனைக்கோணும்” என்று சொன்னாராம்.

அவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். வேணி ஒரு வீட்டில் காய்ச்சல்காரக் குழந்தைக்குக் கஞ்சி கொடுக்க உள்ளே போனார். மருதாம்பாள் ஆட்டைக் கட்ட மேட்டுக்குப் போனதால் பிழைத்தார்.

எனக்குச் செய்தி வந்தபோது மணி ஆறு. வெளிச்சம் மிச்சமிருந்தது. ஜெர்கினை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் அறிவிப்பை நம் தளத்தில் மட்டும்தான் போடுவோம், மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கம் இல்லை. எடுத்த வரியை எடுத்த இடத்திலேயே வைத்தேன். தேதி பழையதாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு தும்பிமட்டம் போனேன். இரண்டு நாள் மண் அள்ளினேன். என் கைகள் புண்ணானதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

விசாரணை அதிகாரி நிதானமான மனிதர். கோளாறு பற்றி உங்களுக்குத் தெரியுமா, தெரிவித்தீர்களா என்று கேட்டார். அறிவிப்பை அச்செடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது வரியை விரலால் தொட்டுக்கொண்டே இரண்டு முறை படித்தார். “தெளிவாத்தானே இருக்குது” என்றார். இயக்கியவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். இறந்துபோனவர்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. யாருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்ததில் எனக்கு நிம்மதிதான்.

சபாபதிக்குத்தான் அது இறங்கவில்லை. கூடம் காலியானபின் என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, அவ எழுத்தெழுத்தாப் படிக்கறவளாச்சே. இதை எப்படி உட்டா?”

“மழை நேரங்க. பத்து வேலை இருந்திருக்கும். மறந்திருப்பாங்க.”

அவர் சரி என்று தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல் இன்னமும் எனக்குக் கனவில் வருகிறது.

வேணி எழுத்தெழுத்தாகப் படிக்கிறவர் என்பது உண்மை. எட்டாவது அறிவிப்பையும் அச்செடுத்துப் பிள்ளைக்காம்பராவின் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அந்தக் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மண் அள்ளிய இரண்டாம் நாள், கணினியைப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போய் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எரித்துவிடத்தான் எடுத்தேன். ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டிருந்தார். படித்தது, புரிந்தது என்பதற்கு. அதை எரிக்கக் கை வரவில்லை. தாளின் அடியில் அவர் கையெழுத்தில் என் பெயரோடு ஒரு குறிப்பும் இருந்தது: ‘கரண்ட் போய் வந்தா? செந்தில் அண்ணங்கிட்ட கேக்கோணும்.’

கேட்டாரா என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டார்.

வெளியீட்டுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. பின்னால் குழந்தைகளின் சத்தம். அதற்கு முந்தின நாள்தான் கம்பளியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேணி முதலில் வாழ்த்துச் சொன்னார்.

“ஏனுங்ண்ணா, மழைக்காலத்துல புதுசுக்கு மாறலாங்களா? பழசே நல்லா ஓடீட்டு இருக்குது. இங்க கரண்டு வேற போய்ப் போய் வருது. அப்ப ஒண்ணும் ஆகாதுங்களே?”

குழுவின் கடிதம் இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை. வேணியிடம் சொன்னால் சபாபதியிடம் சொல்வார், சபாபதி பேக்டரியில் சொல்வார், அங்கிருந்து குழுவுக்கும் எட்டிவிடும். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. “பழையதைவிட நல்லதுங்க. தைரியமா மாத்துங்க” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரிங்ண்ணா” என்றார். போனை வைப்பதற்கு முன் ஒரு கணம் பேசாமல் இருந்தார். வேறு ஏதோ கேட்க நினைத்தார் போல. குழந்தை ஒன்று அழுதது. வைத்துவிட்டார்.

அந்த ஒரு கண மௌனம் இன்னும் முடியவில்லை. வீட்டில் கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம் கேட்கிறது. சோதனைக் கணினி இப்போதும் தானாகத்தான் எழுகிறது. பச்சை எழுத்து வரும்வரை நான் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பேன். கோளாற்றை என்றோ திருத்திவிட்டேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது அறிவிப்பை எழுதியபோது இன்னொன்று நடந்தது. எழுதி முடித்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சில் டிக் விழுந்துகொண்டே வந்தது. கண்ணைத் துடைத்தால் போய்விடும். எழுதாத வரிகளுக்குப் பக்கத்திலும் விழ ஆரம்பித்தபோதுதான் இனி என்னால் ஆகாது என்று, அடுத்ததை உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். வேலைப் பளு என்று அப்போது காரணம் சொன்னேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கல்லூரியில் இருக்கும் பிரதிதான் சரி. நம் தளத்தில் இருப்பது நான் திருத்தியது. வரியை எடுத்தவன் நான், திரும்ப வைத்தவனும் நான். வேணி மறக்கவில்லை. மறப்பதற்கு அந்தத் தாளில் ஒன்றும் இல்லை. இதை நீங்கள் யாரிடம் காட்டினாலும் நான் மறுக்க மாட்டேன்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது.

சபாபதி வேலையை விட்டுவிட்டார். மழைமானியையும் கணினியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, சங்குக்கு ஒரு சுவிட்ச் மட்டும் வைத்திருக்கிறார். தூறல் விழுந்தாலே பிள்ளைக்காம்பராவில் போய் உட்கார்ந்து ஊதுகிறார். முதல் வருடம் லைன்காரர்கள் ஓடினார்கள். இப்போது யாரும் எழுந்துகூடப் பார்ப்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, இறந்தவர்களின் உறவுக்காரர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகிறார். வாசலில் நின்று, தன் மனைவி மறந்துபோனதற்காக மன்னிப்புக் கேட்கிறார். தனியாகப் போக அவருக்கு முடியவில்லை. நான் கூடப் போகிறேன். மழை பெய்தால் குடை பிடிக்கிறேன்.

போன மாதம் மருதாம்பாள் வீட்டில் அவரை உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். மருதாம்பாள், “போதுமுங்க. வேணும்னா செஞ்சாங்க? எங்க பிள்ளைகளை அவங்கதானே வளத்தாங்க. நாங்க மன்னிச்சிட்டோம்” என்றார்.

சபாபதி டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தார். பாதையில் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். அழுது ஓய்ந்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஒலகத்துல எனக்குன்னு நீங்க ஒருத்தருதானுங்க மிச்சம். நீங்க இல்லீன்னா என்னைக்கோ செத்திருப்பனுங்க” என்றார்.

அதைக் கேட்டபிறகும் அவரிடம் உண்மையைச் சொல்லி, அவருக்கிருக்கும் ஒரே துணையையும் பறித்துவிடுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.