இருக்கேன்

இரவு பதினொன்றே கால். ஊரைத் தாண்டிப் போகிற புறவழிச் சாலை. இரண்டு பக்கமும் கிடங்குகள், எல்லாம் பூட்டிக் கிடப்பவை. கம்பங்களில் விளக்கு ஒன்று விட்டு ஒன்றுதான் எரிந்தது. அந்தச் சாலையில் ஒரே ஒரு கார்... கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஓட்டிய ஆள் தனக்குத்தானே சிரித்தபடி போனார்.

அந்த ஆள் என் சிநேகிதியின் அத்தான். அக்கா புருஷன். அவள் அத்தான் என்பாள், நானும் அப்படியே சொல்கிறேன். மரியாதைக்காக இல்லை. நான் வைத்திருக்கும் பெயரைச் சொன்னால் என் வாய்தான் நாறும்.

கரண்ட் வர நேரமாகும் போலிருக்கிறது. நெருங்கி உட்காருங்கள். கதவோரம் யாரும் வேண்டாம்.

அத்தானுக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலகங்களுக்கு வருகிற மெயிலையும், அங்கிருந்து போகிற மெயிலையும் வடிகட்டி அனுப்பும் கம்பெனி அது. நல்ல மெயில் போகும், குப்பை மெயில் குப்பைப் பெட்டியில் விழும். அந்த ஃபில்டர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா? அதற்காக நிமிடத்துக்கு ஒரு சோதனை மெயிலை உள்ளே விடுவார்கள். அது எத்தனை நொடியில் வெளியே வருகிறது என்று ஒரு கிராஃப் ஓடும். சீக்கிரம் வந்தால் பச்சை, இழுத்தால் சிவப்பு. ராத்திரியும் பகலும் ஒரு ஆள் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மேலே ஒரு தலைவர். அவர்தான் நம் அத்தான்.

ஃபில்டரை அளந்து அத்தானுக்கு ஆசை தீரவில்லை. ஆட்களையும் அளக்க ஆரம்பித்தார். ஷிஃப்டில் இருப்பவருக்கு அவ்வப்போது ஒரு மெயில் வரும். "இருக்கியா?" என்று ஒரே வார்த்தை. ஒரு நிமிடத்துக்குள் "இருக்கேன்" என்று பதில் போட வேண்டும். போடாவிட்டால் சுவரில் இருக்கிற பெரிய திரையில் அவர் போட்டோவைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும். ஒன்றுக்குப் போனாலும் சிவப்பு, முகம் கழுவினாலும் சிவப்பு. போனை வாசல் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அறையில் ஒரு டெலிபோன் இருந்தது, அதையும் பிடுங்கச் சொல்லிவிட்டார். ராத்திரி பெண்டாட்டியோடு கொஞ்சுகிறார்களாம். பெரிய கண்டுபிடிப்பு! மேலிடத்தில் தட்டிக் கொடுத்தார்கள். மனிதர் தலைகால் புரியாமல் ஆடினார்.

ராத்திரி ஷிஃப்ட்காரர் ஒருவர் இருந்தார். அத்தான் அவருக்கு வைத்த பெயர் கோட்டான். தனி ஆள், தலைவலிக்காரர். நெற்றி நிறையத் தைலம் பூசிக்கொண்டுதான் உட்காருவார். அந்த அறைக்குள் போனாலே தைல வாடை கண்ணைக் கரிக்கும். அவர் பேச்சுக் கொடுத்தால் நின்று கேட்க அங்கே ஒருவருக்கும் பொறுமை கிடையாது. அத்தானுக்குச் சுத்தமாகக் கிடையாது.

அந்தக் கோட்டான் ஒரு வேலை செய்தார். நிம்மதியாக ஒன்றுக்குப் போவதற்காக ஒரு குட்டி புரோகிராம் எழுதினார். "இருக்கியா?" என்று வந்தால் அதுவே "இருக்கேன்" என்று போட்டுவிடும். அவ்வளவுதான்.

நீண்ட விடுமுறை ஒன்று வந்தது. பகலுக்கும் ராத்திரிக்கும் சேர்த்து அவரையே உட்காரச் சொல்லியிருந்தார்கள், காசு மிச்சம். முதல் ராத்திரியே நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்துப்போனார்... பதில் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. டாண் டாண் என்று, ஒரு நொடி முன்னே பின்னே இல்லாமல். ரத்தமும் சதையுமாக இருக்கிற எவனாவது அப்படிப் பதில் போடுவானா? கூறு இருக்கிறவன் சந்தேகப்பட்டிருப்பான். அத்தான் வீட்டில் சோபாவில் சாய்ந்து கிராஃபைப் பார்த்துவிட்டு, "சபாஷ், எல்லாரும் இவரைப் பாத்துக் கத்துக்கணும்" என்று பாராட்டு மெயில் அனுப்பினார். அதற்கும் பதில் வந்தது.

"இருக்கேன்."

விடுமுறை முடிந்து துப்புரவு செய்கிற அம்மா கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அந்த அம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். தைல வாடையோடு வேறு வாடையும். வேண்டாம், அதைச் சொல்லவில்லை.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? மீட்டிங்கில், செத்த பிறகும் டூட்டி பார்த்த ஒரே ஆள் இவர்தான் என்று ஜோக் அடித்தார். நாலு பேர் சிரித்தும் தொலைத்தார்கள். அந்தப் புரோகிராமை அழித்தார்கள், கம்ப்யூட்டரையே மாற்றினார்கள், நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள்.

அதற்கப்புறம்தான் ஃபில்டர் இழுக்க ஆரம்பித்தது.

பகலில் ஒன்றும் இல்லை, எல்லாம் பச்சை. ராத்திரியானால் மெயில்கள் உள்ளே போய் நின்றன. சோதனை மெயிலில் ஒரு வரிதான் இருக்கும், அது கொஞ்சம் தாமதமாக வந்தது. நீளமான மெயில்கள் ரொம்பத் தாமதமாக வந்தன. யாரோ ஒரு அம்மா வெளியூர் மகனுக்கு மனம் விட்டு எழுதிய மெயில் கால் மணி நேரம் உள்ளே நின்றிருக்கிறது. வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். சர்வரை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிராஃப் பார்க்கிற பெண் ஒருத்திதான் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"சார், இது மிஷின் எடுத்துக்கற நேரம் இல்ல. ஒருத்தர் உக்காந்து படிக்கற நேரம்."

அத்தான் அவளை எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். படித்த படிப்பெல்லாம் வீண், பேய் பிசாசு என்று உளறவா சம்பளம் கொடுக்கிறோம் என்றார். ஆனால் ராத்திரி அந்த அறையில் உட்கார ஒருவரும் தயாராக இல்லை. சரி, நானே ஒரு ராத்திரி உட்கார்ந்து காட்டுகிறேன் என்று மார் தட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தச் சாலை, அந்தக் கார், அந்தச் சிரிப்பு எல்லாம் அதற்குத்தான்.

அக்கா போக வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறாள். போன வருஷம்தான் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ராத்திரி கண் விழிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அத்தான் கேட்கிற ஜாதியா? கடைசியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உள்ள போன் இல்லேன்றீங்க. நான் மெயில் போட்டுட்டே இருப்பேன். பதில் மட்டும் போட்டுடுங்க. வரலன்னா உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நான் கிளம்பி வந்துடுவேன்."

அத்தான் "ம்" என்றார். பத்து வருஷக் குடித்தனத்தில் அக்காவுக்குக் கிடைத்ததில் பாதிக்கு மேல் இந்த "ம்"தான்.

உள்ளே நடந்ததைக் கேமராவில் பார்த்துத்தான் பிற்பாடு தெரிந்துகொண்டார்கள். அத்தான் புது நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சுளித்தார். எழுந்து போய்க் குப்பைக் கூடைக்குள் பார்த்தார்... மேஜைக்கு அடியில் பார்த்தார்... உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். சட்டையில் துடைத்தார். மறுபடி முகர்ந்தார்.

நள்ளிரவு தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவசரமாக எதையோ தட்டி அனுப்பினார். கதவைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தார். விழுந்தார். கதவைத் திறக்கிற அட்டை மேஜை மேலேயே இருந்தது.

வீட்டில் அக்கா தூங்கவில்லை. ஒரு மணி அடித்ததும் கேட்டாள், "இருக்கீங்களா?"

உடனே வந்தது. "இருக்கேன்."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. சாப்பிட்டீங்களா என்று சும்மா ஒரு மெயில் போட்டாள். அதற்கும் ஒரு "ம்" வரும் என்று நினைத்திருந்தாள்.

"இன்னும் இல்ல. நீ சாப்பிட்டியா?"

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அத்தான் அவளிடம் கேட்காத கேள்வி அது. சாப்பிட்டேன் என்று போட்டாள். என்ன சாப்பிட்டாய் என்று வந்தது. ஏன் இன்னும் தூங்கவில்லை, முட்டி வலியா என்று வந்தது. அவள் கொஞ்சம் கொஞ்சமாக எழுத ஆரம்பித்தாள். முட்டி வலியை எழுதினாள். மாமியார் பேசியதை எழுதினாள். கல்யாணத்துக்கு முன்னால் படம் வரையக் கற்றுக்கொண்டதையும், அதை விட்டதையும்கூட எழுதினாள். எத்தனை நீளமாக எழுதினாலும் படித்துவிட்டுத்தான் பதில் வந்தது, எல்லாவற்றுக்கும் வந்தது. அக்கா அன்று ராத்திரி ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். சொல்லக் கூடாதுதான்... ஆனால் அதுதான் உண்மை.

விடியப்போகிற நேரத்தில் அவள் கேட்டிருக்கிறாள், நீங்கள் இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லையே என்று.

"எனக்கும் பேச யாரும் இல்ல."

அன்றைக்கும் துப்புரவு அம்மாதான் கதவைத் திறந்தார். பாவம், வேலையையே விட்டுவிட்டார்.

அத்தான் விழுந்தவுடனே சாகவில்லை. டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட நாலு மணி வரை உயிர் இருந்திருக்கிறது. ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ யாராவது தூக்கிவந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றார். பதில் வராமல் இருந்திருந்தால் அக்கா அப்போதே ஓடிப் போயிருப்பாள். பதில் வந்துகொண்டே இருந்தது. அவள் படுக்கையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் விழுவதற்கு முன் தட்டிய மெயிலும் கிடைத்தது. அக்காவுக்குத்தான் போட்டிருந்தார். "நெஞ்சு வலி. உடனே வா." ஃபில்டரின் குப்பைப் பெட்டியில் கிடந்தது, லாட்டரியில் கோடி ரூபாய் விழுந்திருக்கிறது என்ற மெயிலுக்கும் வழுக்கையில் முடி வளர்க்கும் மெயிலுக்கும் நடுவில். குப்பையில் போட்டால் ஏன் போட்டது என்று ஃபில்டர் பக்கத்திலேயே காரணம் காட்டும். இதற்கும் காட்டியிருந்தது.

"அனுப்பியவர் நம்பத்தக்கவர் அல்ல."

அன்று ராத்திரி கிராஃப் எப்படி இருந்தது என்று கேளுங்கள். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது, முழுக்கப் பச்சை. ஒரு மெயில்கூட நிற்கவில்லை. வாரக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். மேலிடம் அதை அத்தான் போட்டோவுக்குக் கீழே அச்சடித்து ஒட்டியது. பச்சையைப் பார்த்தால் போதும் அவர்களுக்கு, யார் செத்தால் என்ன.

அக்காவுக்கு வந்த பதில்களைப் பற்றி என் சிநேகிதி கம்பெனியில் போய்க் கேட்டாள். அவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, எங்கள் சர்வரிலிருந்து அப்படி ஒரு மெயிலும் போகவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அக்காவின் போனில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நானே பார்த்தேன். அத்தானின் முகவரியை மூடிவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அக்கா தேறிவந்தாள். முன்னைவிட நன்றாகவே இருந்தாள், அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முகத்தில் ஒரு தெளிவு. படம் வரைய ஆரம்பித்திருந்தாள். துணைக்கு என்று என் சிநேகிதி போன மாதம் அங்கே போய்த் தங்கினாள்.

நடுராத்திரி அவளுக்கு விழிப்பு வந்தது. சிரிப்புச் சத்தம்... வாய்க்குள்ளேயே அடக்கிச் சிரிக்கிற சத்தம். பக்கத்துப் படுக்கை காலி. இவள் விளக்குப் போடவில்லை. செருப்பும் போடவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போனாள்.

சமையலறையில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கையில் போன். என்னமோ நீளமாகத் தட்டி அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். என் சிநேகிதி மூச்சை அடக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். அக்கா திரும்பவில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது. பதிலுக்கு வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் வந்தது. அக்காவின் தோளுக்கு மேலே இவளும் அதைப் படித்தாள்.

"உன் தங்கச்சி பின்னாடி நிக்கறா. தூங்கப் போகச் சொல்லு."