தொடுகையே தீயாகியும் தூற்றாது விடைபெறும் திருமதி மாக்கிறட் அமிர்தநாயகம் அவர்களுக்கு

கடற்காற்றோடு கனிவும் வீசும் கீரிக் கிராமத்தின் கண்மணியே! அழுதுவந்த அரும்புகளை அணைத்து, அகரம் முதல் அன்புவரை அனைத்தும் அளித்த ஆசிரியையே! முப்பதாண்டுகள் முதலாம் வகுப்பையே முழுவுலகாய்க் கொண்டவரே! தாங்கள் வயது நிறைந்து செல்லவில்லை. நோவே தங்களை வீட்டுக்கு அனுப்புகிறது.

சென்ற ஆண்டு தங்களைப் பாரிசவாதம் தாக்கியது. உடல் உணர்வதை மூளையின் மேற்பரப்புக்கு அனுப்பும் தலமசு என்னும் சிற்றிடத்தில் குருதி தடைப்பட்டதென்றார் வைத்தியர். முகம் கோணவில்லை, நாக்குக் குழறவில்லை, நடையும் திரும்பிற்று. ஆயின், மாதங்கள் சில கழிய, இடப்பக்கம் முழுதும் எரியத் தொடங்கிற்று. மின்விசிறிக் காற்றுக் கொதிநீராயிற்று. சேலைத் தலைப்பு முட்கம்பியாயிற்று. காட்டுவதற்குத் தழும்பொன்றும் இல்லையே! "கையும் ஆடுது, காலும் நடக்குது, பிறகென்ன ரீச்சருக்கு வருத்தம்? லீவெடுக்க நல்ல நடிப்பு!" என நகைத்தனர் சிலர். அவர்களுள் ஓரிருவர் இன்று முன்வரிசைக் கதிரைகளிலும் அமர்ந்துள்ளனர். நோயை அறியாமை குற்றமன்று. அறியாமலே தீர்ப்பளித்தல் கொடுமை!

ஒருநாள் காலை, வாயிலில் ஓடிவந்த சிறுமி ஜெயனி ஆசையோடு தங்கள் இடக்கையைப் பற்றினாள். தாங்கள் அலறிக் கையை உதறினீர்கள், பிள்ளை விழுந்தாள். "ரீச்சர் பிள்ளையை அடிச்சு விழுத்திப்போட்டா" என்ற பேச்சு உப்புக்குளம் ஊர்வரை பரவிற்று. விசாரிக்க வந்த கல்வி அதிகாரியிடம் தாங்கள் வாதாடவில்லை. "ஓம், என்ர கையாலதான் விழுந்தது. இனி ஒரு பிள்ளையும் விழக்கூடாது. நான் போறன்" என்று கூறி, ஓய்வுக்கு ஒப்பமிட்டீர்கள். அடித்தவர் என்னும் பழியோடு தாங்கள் இவ்வாயிலைக் கடத்தல் தகாது. அன்று நிகழ்ந்தது அடியன்று, நோய்! அதை அவையறியச் சொல்லவே இம்மடல்.

ஆகவே, பொன்னாடை போர்த்தவோ மாலை சூட்டவோ இன்று எவரும் எழமாட்டோம். மரியாதைக் குறைவென்று முணுமுணுக்க வேண்டா. அம்மையாரின் தோளுக்கு அது நெருப்பு.

இவ்விழாவுக்கு அழைக்க நேற்று எம்மோடு தங்கள் இல்லம் வந்த ஜெயனி, வாசற் படலையடியிலேயே நின்றுவிட்டாள். "ரீச்சர், எந்தப் பக்கம் நோகாது? அந்தப் பக்கமா வாறன்" என்றாள். விசாரித்தவர் எவரும் வினவாத வினா அது! தாங்கள் வலக்கையை நீட்டினீர்கள். அவள் வந்து பற்றிக்கொண்டாள், அழுதவர்கள் நாங்கள்தாம்.

எரிவு தணிந்து, நித்திரை நிறைந்து, தாங்கள் நெடுங்காலம் வாழ்க! தணியாத நாள்களில், நோகிறதென்று தாங்கள் சொன்னால், நோகிறதென்றே நாங்கள் நம்புவோம்.

என்றும் தங்கள் உடனாசிரியர்கள்,
மன்னார்.

யாத்தவர்: வ. ஏரம்பு, ஓய்வுநிலைத் தமிழாசிரியர்