காயாத சந்தனப் பொட்டு

வானம் பார்த்த பூமியில் வானில் போவதைப் பார்த்துக் காத்தவரே, தளர்ந்த திருகாணியைத் தட்டும் ஒலியிலேயே தெரிந்துகொள்ளும் செவியரே, தவறு கண்டால் தாளாளரையும் தயங்காமல் தட்டிக் கேட்கும் துணிவே, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாள் முதல் அதன் தலைமைப் பராமரிப்புப் பொறியாளராய் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் ராமலட்சுமி அம்மையீர், கைகூப்பி வணங்குகிறோம்!

சென்ற வாரம் எழுதி அச்சுக்குப் போகவிருந்த மடல் இதுவன்று. அதில் தங்களைக் கற்பகத் தரு என்றும் கலங்கரை விளக்கம் என்றும் அழைத்திருந்தோம். அவையெல்லாம் இருக்கட்டும். இந்த ஒரு வாரத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பழைய மடலை வாசிக்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. ஆகவே நேற்று முழுதும் உட்கார்ந்து புதிதாக எழுதி, இன்று காலை நடந்ததையும் அவசரமாகச் சேர்த்திருக்கிறோம். மூச்சு வாங்க வாசித்தால் பொறுத்தருள்க.

நம் பள்ளிக்கு இருப்பது ஒரே சிறு விமானம். அதற்கு ஆயுதபூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை சாத்துவது நம் வழக்கம். இவ்வாண்டு வைத்த பொட்டுகள் எல்லாம் நம் ஊர் வெயிலில் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ள, இடது இறக்கையின் அடியில் வைத்தது மட்டும் நில்லாமல் வழிந்தது. பொட்டு அழிவது நல்லதுக்கு இல்லை என்று காவலர் முனீஸ்வரன் காலைதோறும் அதே இடத்தில் புதிதாகக் குழைத்து, முந்தைய நாளைவிடத் தடிமனாக அப்பினார். நாங்களும் அவருடைய பக்தியை மெச்சினோம். அறிவாளிகள் நாங்கள்!

அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்தவர் தாங்கள். மஞ்சளாய் இருக்க வேண்டிய சந்தனம் ஓரத்தில் பச்சை கட்டியிருந்தது. விரலை முகர்ந்துவிட்டுக் கேட்டீர்கள்:

"முனீஸ்வரா, இதுல என்னத்தப்பா குழைச்ச?"

"பன்னீரு தான் மேடம்."

"பன்னீரு பெட்ரோல் வாடை அடிக்குமா?"

விமான பெட்ரோலின் நீல நிறமும் சந்தனத்தின் மஞ்சளும் கலந்த பச்சை அது. இறக்கைக்குள் இருந்த எரிபொருள் தொட்டி கசிந்துகொண்டிருந்தது. கசிவைக் காட்டிக்கொடுக்கும் நீலக் கறையை நாங்கள் நாள்தோறும் பூசி மறைத்திருக்கிறோம். அடுத்த சில நிமிடங்களில் ஒரு மாணவியோடு மேலேற வேண்டிய விமானி கோகுல், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் வந்தது பெரும் சோதனை. தங்களுக்கோ மாத இறுதியில் ஓய்வு. தங்கள் இடத்துக்கு வேறு பொறியாளர் இன்னும் அமையவில்லை. கசிவைச் சரிசெய்து தாங்கள் கையெழுத்திடாமல் விமானம் மேலேறக் கூடாது. நின்றுபோனால் விற்றுவிட்டுப் பள்ளியை மூடுவதாகத் தாளாளர் சொல்லிவிட்டார். எங்கள் எல்லோருடைய பிழைப்பும் தங்கள் பேனா முனையில் நின்றது. பந்தல்குடி லாரிப் பட்டறையில் தொழில் பழகி வந்த நம் மெக்கானிக் நாகராஜ், அங்கே செய்வதைச் சொன்னார்.

"மேடம், ஓட்டையில சோப்பத் தேச்சு அடைச்சா லாரி தூத்துக்குடி வரைக்கும் போகும்."

"லாரி நின்னா ரோட்டோரமா நிக்கும். இது எங்கப்பா நிக்கும்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கண்டும் காணாமல் கையெழுத்திட்டு, மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். தாங்கள் புதுத் தொட்டிக்குச் சொல்லி அனுப்பினீர்கள்.

மதுரையில் வந்திறங்கிய தொட்டியை நாகராஜ் பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டு வந்தார். வழியெல்லாம், "என்னண்ணே, பீரோவா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டது. மறுநாள் வேலை. பாலியஸ்டர் துணியில் பொறி கிளம்பும், பருத்தி உடுத்தாதவர் விமானத்தின் அருகில் வரக் கூடாது என்று தாங்கள் ஆணையிட்டீர்கள். அருப்புக்கோட்டைக் கைத்தறியில் நாங்கள் வரிசையாக வந்து நின்றதைப் பார்த்துத் தாளாளர் கல்யாண வீடா என்று கேட்டார். கொட்டகைக்குள் பெட்ரோல் ஆவி தேங்கும் என்று விமானத்தைத் திறந்த வெளிக்குத் தள்ளிவந்து, பெட்ரோலை வடித்து, இறக்கையின் மேல்தகட்டைக் கழற்றி, குழாய்களைப் பிரித்து, பட்டைகளைத் தளர்த்திப் பழைய தொட்டியைத் தூக்கியபோது, அடித்தையல் ஓரத்தில் மயிரிழையாய் ஒரு வெடிப்பு. அத்தனை சிறியதா எங்களை ஆட்டிவைத்தது?

புதுத் தொட்டி உள்ளே இறங்கி, மேல்தகடு இன்னும் மூடாதிருந்த வேளையில் திருச்சுழிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு ஏங்கும் சீமையில் மழை வேண்டாம் என்று கும்பிட்டு நின்றோம். மக்காச்சோளம் விதைத்துவிட்டுக் காத்திருந்த முனீஸ்வரன் மட்டும் எந்தக் கட்சியில் சேர்வதென்று தெரியாமல் விழித்தார். பருத்தி லோடு மூடும் தார்ப்பாயை நாங்கள் விரித்துப் பிடிக்க, அதன் நிழலில் தாங்கள் கடைசித் திருகாணி வரை பதறாமல் முடுக்கினீர்கள். அதன்பின் தூறியது. முனீஸ்வரன் நிலத்துக்கு அது போதவில்லை என்பது வேறு கதை.

நேற்று மாலை தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றிவிட்டு, "முனீஸ்வரா, அதே எடத்துல பொட்டு வையி. மெல்லிசா வையி" என்றீர்கள். இன்று காலை பள்ளியே அந்த இறக்கையின் அடியில் குனிந்து நின்றது. தாங்கள் தொட்டீர்கள். மஞ்சள் மாறாமல் உலர்ந்திருந்தது. மற்ற சோதனைகளையும் ஒருமுறை முடித்துக் கையெழுத்திட்டீர்கள். புதுப் பொறியாளர் வரும்வரை பள்ளி ஓட அந்தக் கையெழுத்துப் போதும். கையெழுத்திட்டவரே முதல் பறப்பில் உடன் போக வேண்டும் என்பது தாங்கள் வகுத்த வழக்கம். கோகுலுக்குப் பக்கத்தில் ஏறி அமர்ந்தீர்கள். ஓடுதளத்தை விட்டுச் சக்கரம் எழும்பியபோது நாங்கள் கத்திய கத்தலில் சாலையில் போன பஸ்ஸே நின்று பார்த்தது. எங்களுக்கு அழுகையும் வந்தது.

தரையிறங்கியதும் மாலையோடு ஓடி வந்தோம். தாங்கள் கையை நீட்டி எங்களைத் தடுத்துவிட்டு, நேராக இறக்கையின் அடிக்குப் போய் மறுபடியும் அந்தப் பொட்டைத் தொட்டீர்கள்.

"காஞ்சிருக்கு. இப்ப மாலையப் போடுங்க."

அம்மையீர், தங்கள் கண்ணும் காதும் கூர்மை குன்றாமல், முக்கியமாக அந்த மூக்கு மங்காமல், உடல் நலத்தோடும் ஓயாத அதட்டலோடும் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். நாளை முதல் கொட்டகையில் தங்கள் குரல் இருக்காது. பொட்டு இருக்கும். விமானம் மேலேறும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்ப்போம்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
பயிற்சிப் பள்ளிப் பணியாளர்கள்

எழுதி வாசித்தவர்: அலுவலக எழுத்தர் மாரீஸ்வரி