பதினேழு நாள் தாமதம்

சென்னைத் தண்ணீர் எனக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மகன் வீட்டுக்கு வந்து ஐந்து மாதமாகிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் கணக்கெடுப்புக்கு வந்தபோது, என் அப்பா என்ன வேலை செய்தார், நான் என்ன வேலை பார்த்தேன், என் மகன் என்னவாக இருக்கிறான் என்று கேட்டீர்கள். அப்பா முந்திரித் தோப்புகளில் கூலி. நான் கிராமத்துப் போஸ்ட்மாஸ்டர். பிரேம்குமார் தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். எழுதிக்கொண்டே, "மூணு தலைமுறையில எவ்வளவு முன்னேற்றம் சார்" என்று சந்தோஷப்பட்டீர்கள். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கம். என் சித்தப்பா மகன் ராசாங்கம் என்னைவிட நான்கு வயது சின்னவன். இரண்டு பேரும் ஒரே தோப்பில் கொட்டை பொறுக்கி வளர்ந்தோம். முந்திரிப் பால் பட்டு எங்கள் விரல்களில் தோல் உரிந்தபடியே இருக்கும். நான் பத்தாவது பாஸ் பண்ணினேன்; எனக்குத் தபால் வேலை கிடைத்தது, விரல்கள் ஆறிவிட்டன. அவன் ஐந்தோடு நின்றுவிட்டான். பிறகு நான் ஒன்றரைக் காணி தோப்பு வாங்கியபோது, அதில் வேலை செய்ய அவனைத்தான் கூப்பிட்டேன். வெளியாளைக் கூப்பிடுவதற்குப் பதில் அவன் இருக்கட்டுமே என்றுதான். ஊரில் எல்லோரும் என்னை நல்லவன் என்றார்கள்.

இரண்டாயிரத்தில் என் மகனும் அவன் மகள் ஜெயசித்ராவும் ஒன்றாகப் பிளஸ் டூ எழுதினார்கள். பிரேம்குமாருக்கு எண்ணூற்று நாற்பது. அவளுக்கு ஆயிரத்துத் தொண்ணூற்று இரண்டு. ரிசல்ட் வந்த அன்று ராசாங்கம் ஜெயங்கொண்டத்தில் லட்டு வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வாசற்படிக்கு அப்பால் நின்று பேசுகிறவன், அன்று உள்ளே வந்து எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, உங்க புள்ளையும் எம் பொண்ணும் இனிமே மெட்ராசுதான். நாம ரெண்டு பேரும் ஒருவழியா கரையேறிட்டோம்ண்ணே" என்றான்.

நான் லட்டை வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் மாதம் தோப்பில் பாதியை விற்று, சென்னைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பிரேம்குமாரைச் சேர்த்துவிட்டேன். ஜெயசித்ரா நுழைவுத் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கான கடிதத்துக்காகக் காத்திருந்தாள். தபால் பை காலை பதினொன்றரைக்கு வரும். அவள் பதினொன்றேகாலுக்கே வந்து வேப்பமரத்தடியில் நிற்பாள்.

ஜூலை மூன்றாம் தேதி திங்கட்கிழமை அவள் வரவில்லை. முந்திரி ஆலையில் அம்மாவுக்கு உதவியாகப் போயிருந்தாள். கடிதம் அன்று வந்தது. பதினேழாம் தேதி காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். நான் அதைக் கிழிக்கவில்லை, எரிக்கவும் இல்லை. மேசை இழுப்பறையில் பழைய மணியார்டர் படிவங்களுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் வந்தாள். "பெரியப்பா, எனக்கு எதாச்சும் வந்துச்சா?"

"வரலம்மா. வந்தா நானே கொண்டாந்து குடுக்க மாட்டேனா?"

அதற்கடுத்த நாளும் கேட்டாள், நானும் அதையே சொன்னேன். பன்னிரண்டாம் தேதி அவள் கொஞ்சம் பயந்துபோயிருந்தாள். "கூடப் படிச்ச புள்ளைக்கெல்லாம் வந்துட்டுதாம். இங்கேருந்து மெட்ராசுக்குப் போன் போட்டுக் கேக்கலாமா பெரியப்பா?" என்றாள். ஊரில் அப்போது போன் இருந்த இடம் என் தபால் நிலையம் மட்டும்தான். அவளுடைய கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"அதெல்லாம் எடுக்க மாட்டாங்கம்மா. பேரு இருந்தா கடுதாசி தானா வரும். இல்லன்னா போன் போட்டு என்ன ஆவப்போவுது" என்றேன்.

நான் சொன்னால் அவள் நம்புவாள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

இருபதாம் தேதி அன்றைய தேதி முத்திரையைக் குத்தி, நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மேலிருந்தே தாமதமாக வந்திருக்கிறது என்றேன். அவள் நின்றபடி படித்தாள். அழவில்லை. "பதினேழாம் தேதியே முடிஞ்சிட்டுது பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் அம்மா பூமாலைதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் போய்க் கேட்டாலும் சேர்க்க மாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டால் இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார்களா என்று எனக்கு உண்மையில் தெரியாது.

ராசாங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. இம்மாந் தூரம் நடந்து கொண்டாந்தீங்களே" என்றான். அவன் விரல்கள் சொரசொரப்பாக இருந்தன. நான் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அது தப்பாகத் தெரியும்.

அடுத்த வருஷமே அவளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை அரும்பாவூர்ப் பையன், சென்னையில் லோடு வண்டி ஓட்டுகிறான். இப்போது பல்லாவரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். நாளைக்கு நீங்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டினால், அப்பா கூலி, மகளும் கூலி என்று எழுதிக்கொள்வீர்கள். ஏன் ஏறவில்லை என்று பிறகு உங்கள் ஆபீசில் உட்கார்ந்து யோசிப்பீர்கள். மழை பொய்த்தது, பெண்பிள்ளை, சின்ன வயதில் கல்யாணம் என்று எத்தனையோ காரணம் தோன்றும். அவை எதையும் எழுத வேண்டாம். காரணம் நான்.

பெற்ற பிள்ளைக்காகச் செய்தேன் என்று ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிரேம்குமார் ஜூனிலேயே சேர்ந்துவிட்டான். அவள் போயிருந்தாலும் போகாவிட்டாலும் அவனுக்கு ஒரு நூல் கூடவோ குறையவோ போவதில்லை. ராசாங்கம் என் எதிரே உட்கார்ந்து 'நாம' என்றான். அந்த ஒரு சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் இருந்த இடத்திலேயே இருந்தால்தான் நான் ஏறியது ஏறியதாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஜெயசித்ரா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வருவாள். போன முறை எனக்கு வயிறு சரியில்லை என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறி, வீட்டிலேயே காய்ச்சி ஆற்றிய சீரகத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தாள். "பெரியப்பா மட்டும்தான் அன்னைக்கு எனக்காக அவ்வளவு அலைஞ்சாங்க" என்று என் மருமகளிடம் சொன்னாள். மருமகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் மேலதிகாரிகளுக்கு நீங்கள் காட்டலாம், எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் பல்லாவரம் பக்கம் போனால் அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். பாவம், அந்தப் பெண் தாங்க மாட்டாள். அவள் நன்மைக்காகத்தான் கேட்கிறேன்.