சரிவுக்கு எடம் வேண்டும்

சரிவில் புல் வெட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. எந்தச் சக்கரத்தை மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றது தங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

என் பெயர் ஆர்தர். சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகிற வழியில் உள்ள மாட்டுப்பண்ணையில் பட்டறை பிட்டர். பண்ணைக்குப் பின்னால் ஒரு குன்று. மழை ஓய்ந்ததும் அதில் இடுப்பு உயரம் புல் நிற்கும். அதை வெட்டிக் காயவைத்துப் போர் போட்டால்தான் கோடையில் மாடுகளுக்குத் தீனி. முப்பத்தேழாம் வருஷம் வரைக்கும் பெண்கள் அரிவாளால் அறுத்தார்கள். அடுத்த வருஷம் துரை சீமையிலிருந்து யந்திரம் வரவழைத்தார்.

உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி அல்ல அது. முன்னால் நீளக் கத்தி, நடுவில் பெட்ரோல் எஞ்சின், இரண்டே சக்கரம், பின்னால் இரண்டு கைப்பிடி. பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். இரும்பெருது என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள்.

பெட்டியைப் பிரித்த அன்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சமதரைக்கு ரப்பர் சக்கரம், ஒன்றுக்கொன்று கிட்டத்தில். சேற்றுக்குப் பல் வைத்த இரும்புச் சக்கரம். சரிவுக்கோ, அச்சின் இரு நுனியிலும் நீட்டுத் துண்டு கோத்து, ரப்பருக்கு வெளியே இரும்புச் சக்கரத்தையும் மாட்டிவிட வேண்டும். காலை அகற்றி நிற்கும் பயில்வான் மாதிரி யந்திரம் நிற்கும். அப்படி மாட்டி, குன்றின் குறுக்கே முதல் தடவை நடந்தபோது ஊஞ்சலில் ஆடுவது போல இருந்தது. பூமி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வானம் இன்னொரு பக்கம் சாய்ந்திருக்கிறது, யந்திரம் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் போகிறது. நான் பாடினேன். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். எஞ்சினையும் மீறி அடிவாரம் வரை கேட்டதாம்.

"எருதுக்குத்தான் பெட்ரோலு ஊத்தறாங்கன்னு பாத்தா, உனுக்கும் ஊத்திட்டாங்களா ஆர்தரு?" என்றாள் புல் வாருகிற செங்கம்மா.

அவள் சொன்னதில் தவறில்லை. அந்த மாதம் முழுக்க நான் தரையில் நடந்ததாகவே ஞாபகம் இல்லை.

பிறகு துரை லீவில் ஊருக்குப் போனார். பண்ணை மானேஜர் ரங்கையாவிடம் பொறுப்பு வந்தது. தெலுங்குக்காரர், நியாயஸ்தர். யந்திரத்துக்கு நிரந்தரமாக ஒரே டிரைவர், மற்றவர்கள் பட்டறையோடு இருக்க வேண்டியது என்றார். நான் தலையாட்டினேன், அந்த ஒருவன் நான்தானே என்று. அவரோ அசரியாவின் பெயரைச் சொன்னார்.

அசரியா பண்ணையின் பழைய உழவர். யந்திரம் வந்ததும் அவருடைய எருதுகளை விற்றுவிட்டார்கள். கையில் வேலை இல்லாமல் நிற்கிறார் என்று சபை மூப்பர்கள் பரிந்து பேசினார்கள். ஒரு நாள் காலை குன்றில் வெட்டிக் காட்டட்டும், சரியாக வந்தால் யந்திரம் அவருக்கு என்று முடிவாயிற்று. நல்ல ஏற்பாடுதான். அதைப் பற்றி எனக்கு இன்றும் புகார் இல்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வந்தார். அவர் மனைவி கிருபாவதி கஞ்சித் தூக்கோடு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா தம்பி, எந்தச் சக்கரம் போட்டுக்கினு போறது?"

"ரப்பர்ல போனா மோட்டார் கார் மாதிரி இருக்கும்ணா."

"பாத்தியா கிருபா, உன் ஊட்டுக்காரன் காரு ஓட்டப் போறான்."

"மொதல்ல கஞ்சி துன்னுட்டு ஓட்டு," என்றார் கிருபாவதி. எல்லோரும் சிரித்தோம். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை, ஐயா. ரப்பரில் கார் மாதிரித்தான் இருக்கும்.

அசரியா குன்றின் மேலே போனார். நானும் ரங்கையாவும் அடிவாரத்தில் நின்றோம். சக்கரங்களைப் பற்றி ரங்கையாவுக்குத் தெலுங்கில் விளக்கினேன். தெலுங்கில் 'எடம்' என்றால் இடைவெளி. சரிவுக்கு எடம் வேண்டும், இவர் எடம் இல்லாமல் போகிறார் என்றேன். அவர் பதறி, அசரியாவிடம் சொன்னாயா என்று கேட்டார். இதோ சொல்கிறேன் என்றேன்.

தமிழ் உழவர் காதில் 'எடம்' வேறு. எருது பூட்டியவர்களுக்கு வலம் என்றால் வலப்பக்கம், எடம் என்றால் இடப்பக்கம். அசரியாவின் வலப்பக்கம் குன்றின் மேடு, இடப்பக்கம் பள்ளம். சரிவில் யந்திரத்தின் மேட்டுப் பக்கமாக நடக்க வேண்டும். அவரோ பள்ளத்துப் பக்கம் நடந்தார், எருது சறுக்கினால் தோள் கொடுப்பது போல. இதையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பள்ளத்துப் பக்கம் சுவராகக் கட்டிய கல் கட்டுக்கு நேர் மேலே அசரியா வந்தபோது, பாடுகிற குரலில் கூப்பிட்டேன்.

"அசரியாண்ணா, எடம், எடம்."

அவர் யோசிக்கவில்லை. இருபது வருஷம் எருதோடு இருந்த கை அது; தானாகத் திருப்பியது. ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருந்த ரப்பர் சக்கரங்கள் காய்ந்த புல்லில் வழுக்கின. யந்திரம் அவர் மேல் சாய்ந்தது. இரண்டு பேரும் உருண்டு கல் கட்டில் வந்து நின்றார்கள். கல்லுக்கும் யந்திரத்துக்கும் நடுவில் அசரியா இருந்தார். அதனால் யந்திரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. கத்தியைத் துடைக்க வேண்டியிருந்தது, நானே துடைத்தேன்.

மறுநாள் தங்கள் கான்ஸ்டபிள் வந்து விசாரித்தார். சக்கரத்தை அகலமாக்கச் சொல்லி ஆர்தர் கூவினான், பாவம் அவருக்குத் தெலுங்கு புரியவில்லை என்றார் ரங்கையா. ஏதோ கல்லைப் பார்த்துத்தான் இடப்பக்கம் திருப்பச் சொன்னான் என்றாள் செங்கம்மா. இரண்டு பாஷையிலும் நான் நல்லவனாக இருந்தேன். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும்போது இது நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்க இருமினேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

இதோடு முடிந்திருக்கும். நான் இங்கே வந்திருக்கவும் மாட்டேன். ஆனால் நேற்று கிருபாவதி ரங்கையாவின் காலில் விழுந்தார்.

"அது ஆளத் துன்ற யந்திரம் ஐயா. இன்னொரு பொம்பள தாலி அறுக்கறதுக்குள்ள ஒடச்சிப் போட்டுடுங்க."

ரங்கையா ஒத்துக்கொண்டார். விஜயபுரத்து இரும்பு வியாபாரி கன்னையா நாளைக்குச் சம்மட்டியோடு வருகிறார். ராத்திரி பட்டறையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாவமும் அறியாதது. சொன்ன பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். செய்யாத குற்றத்துக்கு அதைத் தண்டிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகையால் யந்திரத்தின் மேல் தவறில்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அசரியாவைக் கொன்றது நான்.

இன்னொரு விஷயம். நீட்டுத் துண்டுகள் இரண்டும் என் தகரப் பெட்டியில், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுக்கு அடியில் இருக்கின்றன. சாவி இதோ. செவ்வாய் காலையில் அசரியா கேட்டது முதலில் அவற்றைத்தான். அவரும் கிருபாவதியும் பட்டறை முழுக்கத் தேடினார்கள். நானும் கூடவே தேடினேன். மறக்காமல் எடுத்துப் பண்ணையில் கொடுத்துவிடுங்கள், ஐயா. அவை இல்லாமல் குன்றில் ஓட்டி, இனி வருகிற டிரைவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனசு தாங்காது.