பிலோமினம்மாவை இல்லத்தில் சேர்த்த விதம்

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்காகத் தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் எழுத்தர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையும் வாசித்துவிடும்.

உங்கள் கோப்பின் முதல் வரியைப் பார்த்தேன். 2008 ஏப்ரலில், கண்டி வீதியில் உள்ள ஒரு பஸ் நிலையத்தில், மறதி நோயுள்ள தன் தாயைக் கைவிட்டார் என்று இருக்கிறது. நாளும் இடமும் சரி. கைவிட்டார் என்பது சரியில்லை. கைவிடுகிறவன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். நான் கடைசிவரை அங்கேயே இருந்தேன். அம்மா மிச்சக் காலத்தை எங்கே, யாருடைய பொறுப்பில் கழிப்பது என்பதற்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. முடிவெடுக்க என்னைத் தவிர அவருக்கு வேறு பிள்ளை இல்லை.

என் அம்மா பிலோமினம்மா, புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டியவர். அப்பா இராயப்பன் 1992இல் நெஞ்சு நோவு வந்து இறந்தார். அதற்குப் பிறகு அம்மா தன் மரங்களோடு அப்பாவின் மரங்களையும் சேர்த்து வெட்டினார். நான் உயர்தரம் முடித்ததும், 1994இல் ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் அப்படித்தான். இதை நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாதபடி அவரும் பார்த்துக்கொண்டார். மாதா கோயில் வாசலிலோ கடையிலோ கல்யாண வீட்டிலோ யாரைக் கண்டாலும், "எம் மவனுக்காக நான் ரெண்டாள் மரம் வெட்டுனேங்க" என்று தொடங்குவார். கேட்டவர்கள் முதலில் அவரைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். பிள்ளை பெற்ற எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்துவிட்டு, அதைப் பிள்ளையின் கழுத்தில் பலகையாக மாட்டி ஊர் ஊராகக் கூட்டிப்போவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

டவுனில் வீடு கட்டி வந்த பிறகு நான் என்னைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அப்பா தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தார் என்று பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சொல்லியிருந்தேன். அதனால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. மனைவி மெரினாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அவளும் தன் வீட்டாரிடம் கிளாக்கர் என்றே சொல்லியிருந்தாள்.

2006இல் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. ஓய்வு பெற்று ஐந்து வருடமான அம்மா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் வரிசையில் நிற்கிறாராம். பேர் கூப்பிடும்போது தன் பேர் வரவில்லை என்று கங்காணியோடு சண்டை போடுகிறாராம். லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் சிரிக்கிறார்கள் என்றார் வந்தவர். டவுனுக்குக் கூட்டி வந்தேன். மூத்த பிள்ளைகளின் அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். இதையும் தயவுசெய்து கோப்பில் சேருங்கள்.

அடுத்த வளவு மக்கீன் முதலாளியுடையது. அதில் இருபது இருபத்தைந்து ரப்பர் மரம் நிற்கிறது. ஒரு காலை மக்கீன் எங்கள் சமையலறைக் கத்தியோடு வாசலில் நின்றார்.

"சேர், ஒங்கட உம்மா எங்கட மரமெல்லாத்தையும் வெட்டி முடிச்சிட்டா" என்றார். "பயப்படாதீங்க, வெட்டு நல்ல வெட்டு. நான் கூலி குடுத்து வெச்சிருக்கிறவன் இப்பிடி வெட்டினதே இல்ல. பழைய கையா சேர்?"

அம்மா என் பின்னால் வந்து நின்று, "தொரக்கிட்ட சொல்லுங்க, மரம் முடிஞ்சிருச்சுன்னு. எம் மவனுக்குப் பரீச்சை. நான் வெரசா போகணும்" என்றார்.

மக்கீன் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷன். ஆனால் அன்று மாலைக்குள் அந்த வீதியில் இருந்த அத்தனை பேருக்கும் கிளாக்கர் வீட்டுக் கதை தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் ஆசிரியர் அறையில் ஒருவர் என்னிடம், ரப்பர் பாலில் எத்தனை வீதம் தண்ணீர் சேர்ப்பார்கள் என்று கேட்டார். மற்றவர்கள் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்கம்மா பேசாம இருந்தா நான் எத்தனை வருஷம்னாலும் பாத்துக்குவேன்" என்றாள் மெரினா. "வாய்தான்."

அம்மா தினமும் காலையில் அப்பா எங்கே என்று கேட்பார். நோயாளி நினைப்பதோடு ஒத்துப்போங்கள், எதிர்த்துப் பேசாதீர்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். "அப்பா செத்துப்போயிட்டாரும்மா. நீதான் கண்ண மூடிவிட்ட." ஒவ்வொரு முறையும் அவர் அதை முதல் தடவையாகக் கேட்டார். தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுவார். மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார். அடுத்த நாள் கேட்பார், நான் சொல்வேன். ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் அவர் கேட்கவில்லை. அதன் பிறகு என் காலடிச் சத்தம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வீடு அமைதியானது. உண்மைக்கு அந்தப் பலன் உண்டு.

ஆனால் வெளி ஆட்களிடம் பேசுவது நிற்கவில்லை. இல்லங்களை விசாரித்தேன். கன்னியாஸ்திரிமார் நடத்தும் ஓர் இல்லத்தில் இடம் இருந்தது. அங்கே பிள்ளை வந்து கையெழுத்திட வேண்டும், மாதம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் அம்மா என் பெயரை அங்கேயும் சொல்லிக்கொண்டிருப்பார். அரசாங்க இல்லம் ஒன்றில் பிள்ளைகள் உள்ளவர்களை எடுப்பதில்லை. யாருமில்லாதவர் என்று பொலிஸ் கொண்டுவந்து, நீதவான் உத்தரவு போட்டால் எடுப்பார்கள். அதைச் சொன்ன அலுவலர் அனுதாபத்தோடு, "ஒங்களுக்கு அது சரிவராது மாஸ்டர்" என்றார். நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்கு யோசிக்க நேரம் எடுக்கும்.

முதலில் அம்மாவின் காரியங்களை ஒழுங்குபடுத்தினேன். லயத்தில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவைத் தோட்டக் கந்தோரில் ஒப்படைத்தேன். பக்கத்துக் காம்பராவில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய ஆடு இரண்டையும் அவர்களுக்கே கொடுத்தேன். ஞானஸ்நானப் பத்திரம், கல்யாணப் பத்திரம், அப்பாவோடு எடுத்த ஒரே படம் மூன்றையும் அடுப்பில் போட்டேன். அம்மாவைக் கன்னியாஸ்திரிமாரிடம் விடப்போகிறேன் என்று தோட்டத்துப் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். அவர் ஞாயிறு பூசையில் அதை அறிவித்து எல்லோரையும் செபிக்கச் சொன்னார். லயத்துப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருப்பீங்க சேர்" என்றார்கள்.

மிச்சமிருந்தது அடையாள அட்டை. தோட்டத்தில் மற்றவர்களைப் போல அம்மாவும் சின்ன வயதிலேயே பிரஜாவுரிமை பறிபோனவர். சட்டம் மாறி அட்டை கையில் கிடைத்தபோது அறுபத்தொரு வயது. அதைப் பொலித்தீன் உறையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்திருப்பார். குளிக்கும்போதும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும். தன் பெயரை மறந்த நாளில்கூட அட்டையை மறக்கவில்லை. போட்டோப் பிரதி எடுக்க வேண்டும் என்று சொல்லி வாங்கி என் சட்டைப் பையில் வைத்தேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம், "அட்டைய குடு, சோதனை வந்தா எறக்கிப்புடுவாங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார். திருப்பித் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை.

அந்த மாதங்கள் எப்படியிருந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத பார்சல் ஒன்றைக் கண்டால் வீதியே காலியாகும். அட்டை இல்லாத தமிழ் ஆள் அன்றிரவு வீட்டுக்குப் போவதில்லை. நான் அந்த நிலைமையை உண்டாக்கவில்லை. இருந்த நிலைமையில் என் காரியத்தைப் பார்த்தேன்.

காலை ஒன்பதரை மணிக்கு அம்மாவை பஸ் நிலையத்து வாங்கில் உட்காரவைத்தேன். துணிப் பையை மடியில் கொடுத்தேன். டொக்டர் சொன்ன அறிவுரையை அன்றுதான் கடைப்பிடித்தேன். "அப்பா வருவாரு. அதுவரைக்கும் இங்கயே ஒக்காந்திரு. பைய கீழ வைக்காத. யாரு சொன்னாலும் எந்திரிக்காத."

அவர் முகம் மலர்ந்தது. "தாடிய சேவ் பண்ணிட்டு வரச் சொல்லு" என்றார்.

நான் கொமியூனிகேஷன் கடைக்குப் போய்ப் பொலிஸ் அவசர இலக்கத்துக்குப் பேசினேன். என் சிங்களத்தில் யாரும் பிழை கண்டதில்லை. பஸ் நிலையத்தில் ஒரு தமிழ் மனுஷி வெகுநேரமாகப் பையொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாள், எந்த பஸ்ஸிலும் ஏறுகிறாள் இல்லை என்றேன். இதில் எந்தச் சொல் பொய் என்று நீங்கள் காட்டுங்கள். பெயர் கேட்டார்கள். வைத்துவிட்டேன். பிறகு எதிர்ப்பக்கம் கபூரின் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் போகும்போது நான் தேநீர் குடிக்கும் கடை; நான் வாத்தியார் என்பது மட்டும் கபூருக்குத் தெரியும்.

ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். சனங்கள் ஓடினார்கள். பெட்டிக்கடைகளை இழுத்துச் சாத்தினார்கள். அத்தனை பெரிய இடத்தில் அம்மா மட்டும் வாங்கில் இருந்தார். பையை வைத்துவிட்டு எழும்பு, கையைத் தூக்கு என்று தூரத்தில் நின்று சிங்களத்தில் கத்தினார்கள். அம்மா ஒரு காலத்தில் சிங்களம் பேசியவர்தான். நோய் அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் நான் சொன்னதை அவர் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டது அன்றுதான். கடைசியில் இரண்டு பேர் ஓடி வந்து இழுத்தார்கள். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

பையில் இரண்டு சேலை, துவாய், சவர்க்காரம், செபமாலை, ஒரு பக்கெட் பிஸ்கட். பிஸ்கட் நான் வாங்கி வைத்தது.

அதன் பிறகு எல்லாம் நான் கணக்குப் போட்டபடி நடந்தது, இடுப்பைத் தவிர. ஆஸ்பத்திரி, நீதவான், பிறகு அந்த இல்லம். பெயர் தெரியாதவர், உறவினர் இல்லை. அங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாருமில்லை என்பதை முன்பே விசாரித்திருந்தேன். அம்மா எழுந்து நடக்கவில்லை. நாற்பத்தாறாவது நாள் இறந்தார். அரசாங்கச் செலவில் அடக்கம் செய்தார்கள். பங்குச் சுவாமியிடம், கன்னியாஸ்திரிமாரின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது என்று சொன்னேன். அதிகாரியவர்களே, நான் செய்தேன். பொலிஸை அழைத்தது நான். அட்டையை எடுத்தது நான். எழும்பாதே என்று சொன்னது நான். இதற்குமேல் நீங்கள் சாட்சி தேட வேண்டியதில்லை.

ஆனாலும் யுத்தம் முடிந்த பிறகு வாய் திறந்த கபூரின் சாட்சியத்தை நீங்கள் இரண்டு முறை வாசித்துக் காட்டினீர்கள். அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பை சோதித்து முடிந்ததும் இன்ஸ்பெக்டர் கடைப்பக்கம் வந்து, தமிழ் தெரிந்தவர் யார் என்று கேட்டார். கபூர் உடனே என்னைக் காட்டினார். "எனக்கு ஏன் சேர் வம்பு. நீங்க வாத்தியார், நீங்க பேசினாத்தான் மதிப்பாங்க" என்றார். நான் மறுத்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இன்ஸ்பெக்டர் என் அடையாள அட்டையைக் கேட்டார். அம்மாவின் அட்டை அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. பெருவிரலால் பைக்குள் தள்ளிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

அம்மாவைச் சீமெந்துத் தரையில் கிடத்தியிருந்தார்கள். கபூர் ஒரு கிளாஸ் தண்ணீரோடு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் குனிந்தேன். இன்ஸ்பெக்டர் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் கேட்டேன்.

"ஒங்க பேரு என்ன?"

"தெரியலீங்க சேர்."

"எந்த ஊரு?"

"தெரியலீங்க சேர்."

"புள்ளைங்க யாராவது இருக்காங்களா?"

அம்மா என்னை வெகுநேரம் பார்த்தார். வலியில் உதடு வெளுத்திருந்தது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாக, "புள்ளகுட்டி ஒன்னும் இல்லீங்க சேர். நான் தனிக்கட்ட" என்றார். நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

நோய் அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னை மறந்துவிட்ட ஒருவரை நான் கைவிட முடியாது. கபூர் வேறு மாதிரிச் சொல்கிறார். அம்மாவுக்கு என்னைத் தெரிந்திருந்தது என்கிறார். தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது காதால் கேட்டதாகச் சொல்கிறார். கேட்டது உண்மைதான், நானும் கேட்டேன். அம்மா என் சட்டை நுனியைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "நீ போயிரு சாமி. தமிழ்ல பேசாத. ஒன்னையும் புடிச்சுக்குவாங்க" என்றார். நோய் முற்றியவர்கள் யாரைக் கண்டாலும் சாமி என்றுதான் சொல்வார்கள். அதில் ஒன்றும் இல்லை.

இப்போது என்ன சொன்னாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வெறும் உளறல், மொழிபெயர்க்க எதுவுமில்லை என்றேன்.