தினமும் கால் சுற்று

வீட்டில் உங்கள் கணினி இழுத்து இழுத்து ஓடுகிறது என்றீர்களே ஐயா, அதற்கு முதலில் செய்ய வேண்டியது தூசி துடைப்பது. பக்கத்து மூடியைக் கழற்றிப் பாருங்கள், விசிறியில் கம்பளி கணக்காக ஒட்டிக்கிடக்கும். பிராசசர்மேல் பூசிய களிம்பு காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், பட்டாணி அளவு போதும். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் அள்ளிப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டுகிற பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இதுவும் வாக்குமூலத்தில் சேர்த்திதான்.

என் பெயர் லியோந்தின் ப்ரடெஸ்கு. இந்தப் பிரய்லா ஊரில், இந்தக் கட்டடத்தின் இரண்டாம் படிக்கட்டைச் சேர்ந்த வீடுகளுக்கு நான்தான் நிர்வாகி. இருபது வீடுகள். குழாய்க் கசிவு, படிக்கட்டு விளக்கு, குப்பைத் தகராறு எல்லாம் என் தலையில். மிச்ச நேரத்தில், பிராசசரை வேகமாக ஓட்ட ஆசைப்பட்டு இணையக் குழுவுக்கு வரும் புதியவர்களுக்குப் பதில் எழுதுகிறேன். எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், அதுவும் சின்ன மாற்றம். மாற்றியதும் ஒரு மணி நேரம் பளு கொடுத்துச் சோதியுங்கள். சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். தாங்கினால் அடுத்த படி, திணறினால் ஒரு படி கீழே. வோல்டேஜில் கை வைப்பது கடைசியில், அதுவும் பயந்து பயந்து. அவசரக்காரன் கையில்தான் பிராசசர் சாகும்.

எங்கள் குழுவில் ஜனவரிதோறும் ஒரு போட்டி, யாருடைய பிராசசர் அதிக வேகத்தில் ஓடுகிறது என்று. அறை எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு வேகம் தாங்கும். விசிறியைத் தவிர வேறு குளிரூட்டல் கூடாது, ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், புகைப்படத்தில் தெர்மாமீட்டர் தெரிய வேண்டும். ஏழு வருடமாக நான் நான்காவது அல்லது ஐந்தாவது. முதலிடம் எப்போதும் சுச்சாவாவில் இருக்கும் கியோச்செல் என்கிறவனுக்கு. வடக்கே அவன் ஊரில் வீட்டுக்குள்ளேயே மூக்கு உறையும். அதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் அறையோ பத்தொன்பது டிகிரி. அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டரை மூடிவிட்டேன், ஆனாலும் மூலையில் தரையிலிருந்து கூரைவரை போகிற வெந்நீர்க் குழாயை நான் மூட முடியாது, அது மேல்வீட்டுக்குப் போவது. மேல்வீட்டுச் சூடு, கீழ்வீட்டுச் சூடு, பக்கத்துச் சுவர்ச் சூடு எல்லாம் என் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதைச் சண்டையாக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டு முழுவதற்கும் வெந்நீர் விடுகிற வால்வு கீழே நிலவறையில் இருக்கிறது. நிலவறைச் சாவி என்னிடம். முதல் நாள் கால் சுற்று மூடினேன்.

சோதனைக்கு மூன்றாம் மாடி ஹரலாம்பியே இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. முதல் நாள் அவரிடம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் நாள் கம்பளிச் சட்டை. நான்காம் நாள் வீட்டுக்குள்ளேயே குல்லாய். ஐந்தாம் நாள் என் கதவைத் தட்டி, உனக்கும் குளிருதா என்று கேட்டார். உடனே ஒரு படி திறந்துவிட்டேன். ஒரு நாள் பொறுத்து மறுபடி மூடினேன். எல்லாம் நோட்டில் இருக்கிறது, நீங்கள் பார்க்கலாம். பதினொரு டிகிரிக்கு அறை வந்தபோது பிராசசர் தொண்ணூறு மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக ஓடியது.

குழாயை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. எங்கள் சனங்களுக்கு உடம்பில் எது வந்தாலும் ஊடுகாற்றினால்தான் வரும். எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் பல்வலியும் காதடைப்பும் கழுத்துப் பிடிப்பும் நிச்சயம். ஹரலாம்பியே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டடமெல்லாம் தேடினார். நிலவறையில் ஒரு ஜன்னல் கையகலம் திறந்திருந்தது. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் சவேதா, தன் மூன்று பூனைகள் போய்வர வெளியிலிருந்து தள்ளித் திறந்து வைத்தது அது. டிராம் வண்டியில் டிக்கெட் பரிசோதித்த பெண்மணி, இங்கே பதினாறு வருடக் குடித்தனம். காரணம் ஊடுகாற்றுதான் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம் என்று முடிவாயிற்று. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைப்பது, பூனைகளை வெளியேற்றுவது. பூனைகள் போனால் நானும் போகிறேன் என்று சவேதா படிக்கட்டில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு ஜாடி, கத்தரிக்காயும் மிளகாயும் சுட்டு வதக்கியது.

"லியோந்தின் அண்ணே, என் பூனைங்க மூணும் குழாய்மேல ஒரே எடத்துலதான் படுக்குதுங்க. வால்வுக்கு இந்தப் பக்கம், தண்ணி உள்ள வர்ற பக்கம். அந்தப் பக்கம் போகவே மாட்டேங்குது. ஜன்னல் வழியாக் கைய விட்டுத் தொட்டுப் பாத்தேன், இங்க சுடுது, அங்க ஜில்லுன்னு கெடக்கு. எவனோ வால்வ மூடியிருக்கான்."

வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன்.

"உங்ககிட்டதான் மொதல்ல. சாவி உங்ககிட்ட இருக்குல்ல, எவனோ அதத் திருடி கள்ளச்சாவி போட்டிருக்கான். பழி உங்க தலைல விழுந்துரக் கூடாதுன்னுதான் ஓடி வந்தேன்." அறையைச் சுற்றிப் பார்த்தாள். "ஐயோ பாவம், உங்க ரூம்தான் எல்லாத்தவிட மோசமா இருக்கு."

ஜாடியை வாங்கி மேசைமேல் வைத்தேன். என்னைப் பற்றி அப்படி யாரும் கவலைப்பட்டு வெகுகாலம் ஆகிறது. அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் போட்டி முடிவது ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வால்வை முழுதாகத் திறந்துவைத்தேன். சவேதா எழுந்து விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் நிலவறைக்கு இறங்கினோம். ஹரலாம்பியே இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சுடுதேம்மா. பூன சொல்லுச்சா ஒனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். மனக்கவலையில் இருக்கும்போது கைக்குச் சூடு குளிர் தெரியாது என்று மெதுவாகச் சொன்னேன். அதட்டிப் பேசவில்லை. பிறகு வாக்கெடுப்பு. நிர்வாகி எண்ணினால் போதும், கை தூக்க வேண்டியதில்லை. ஆனாலும் தூக்கினேன். தீர்மானம் ஒருமனதாக இருந்தால் அவளுக்கு யார்மேலும் தனியாக வருத்தம் வராது என்று பட்டது.

அன்று ஒரு தப்புச் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். எல்லோரும் போனதும் வால்வை ஒரே மூச்சில் முழுதும் மூடிவிட்டேன். புதியவர்கள் யாரும் இப்படிச் செய்யக் கூடாது.

ஞாயிறு காலை சவேதா மூன்று பூனைகளையும் இரண்டு கூடையில் அடைத்துக்கொண்டு துல்ச்சாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள். கூடைகளை நான்தான் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்தபோது அறை ஆறு டிகிரி. விரல் விறைத்துப்போய் விசையை அழுத்த முடியவில்லை, மூச்சுவிட்டுச் சூடேற்றிக்கொண்டு கடைசி ஓட்டம் ஓட்டினேன். ஆறாவது இடம். சுச்சாவாவில் அந்த வாரம் மைனஸ் இருபத்து மூன்று டிகிரியாம்.

திங்கட்கிழமை வால்வைத் திறந்துவிட்டேன். அன்றைக்குத்தான் கொத்தனார் ஜன்னலை அடைத்தான். அடைத்த மறுகணமே வீடு கதகதப்பாகிவிட்டது என்று ஹரலாம்பியே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். காதுப் பஞ்சையும் எடுத்துவிட்டார். ஆக, கட்டடத்தில் யாருக்கும் குறை இல்லை.

இப்போது நீங்கள் வந்திருப்பது சவேதாவின் புகாருக்காக. நேர்மையான நிர்வாகியிடமிருந்து சாவியைத் திருடியது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி, துல்ச்சாவிலிருந்து எழுதியிருக்கிறாள். யார்மேல் சந்தேகம் என்று கேட்டீர்கள். யார்மேலும் இல்லை ஐயா. சாவி திருட்டுப் போகவில்லை. வால்வைத் திருகியது நான்தான், பன்னிரண்டு நாளும் நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு நீங்கள் பதில் அனுப்பும்போது ஒரு விஷயம் மட்டும் என் சார்பில் கேட்க வேண்டும். போகும்போது தன் வீட்டுச் சாவியை என்னிடம்தான் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். நேற்று உள்ளே போய்ப் பார்த்தேன். வடக்குப் பார்த்த சின்ன அறை ஒன்று, குழாய் எதுவும் போகவில்லை, நாலு டிகிரி. அடுத்த ஜனவரிக்கு அதை எனக்கு விடுவாளா என்று கேளுங்கள். முன்பின் தெரியாத யாரோ வருவதைவிட, நான் இருந்தால் அவளுக்கும் நிம்மதியாக இருக்கும்.